உதுமான் லெப்பையின் தந்தி

எங்கள் ஊர்ச் சங்கம் வருடந்தோறும் வெளியிடும் மலரில் ஒரு வரி உண்டு. இருபத்தேழு வருடங்களாகப் பதினோராம் பக்கத்தில், மாதா கோயில் படத்துக்குக் கீழே அது வந்துகொண்டிருக்கிறது. "அன்றைய சட்டசபை நியமன உறுப்பினர் உதுமான் லெப்பை அனுப்பிய தந்தியின் பேரிலேயே ஆயுதப் பொலிஸ் வந்து எம்மவர் மூவரைப் பலிகொண்டது என்பதைக் கரம்பைத்துறை என்றும் மறவாது."

எழுதியவன் நான்தான். 1998இல் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு பல்லைக் கடித்தபடி எழுதினேன். மூவரில் ஒருவர் என் அப்பப்பா சந்தியாப்பிள்ளை. மற்றவர்களில் ஒருவர் முஸ்லிம். அதைச் சொன்னால் கதையின் காரம் குறைந்துவிடும் என்று "எம்மவர்" என்று போட்டுச் சமாளித்தேன். அந்த வயதில் எனக்குக் காரம்தான் முக்கியம்.

அன்றிலிருந்து மலராசிரியரும் நான்தான் என்பதால், மலர் தயாராகும் விதத்தையும் சொல்லவேண்டும். போன வருடத்துக் கோப்பைத் திறப்போம். விளம்பரங்களை மாற்றுவோம், தலைவர் வாழ்த்துச் செய்தியில் தலைவரை மாற்றுவோம், இறந்தவர்களின் படங்களைச் சேர்ப்போம். ஊர் வரலாற்றை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். "வரலாறு மாறாதுதானே அண்ணை" என்று தலைவர் வினோதன் ஒருமுறை சொன்னான். வினோதன் வீடு விற்கும் தொழில் செய்கிறவன். பேச்சில் அவனை வெல்ல முடியாது.

போன வருடம் மே மாதம், பிறம்ரனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் சாப்பாட்டு நேரம், ஒரு தொலைபேசி வந்தது.

"மாக்கஸோ? நான் பல்கீஸ் ரீச்சர் கதைக்கிறன். கிளடிஸின்ரை பக்கத்து வீடு."

கையில் இருந்த பாண் துண்டை அப்படியே வைத்துவிட்டேன். கிளடிஸ் என் அம்மா. முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். உதுமான் லெப்பையின் ஒரே மகள். இவ்வளவு காலமும் புத்தளத்தில் இருந்தவர், மகன் நஸீல் ஸ்பொன்சர் செய்து இப்போது இங்கே மார்க்கம் நகரில் இருக்கிறாராம். யாரோ எங்கள் மலரை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒரு விசயம் கதைக்கவேணும். வாறீரோ?" என்றார். வாறன் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தச் சனிக்கிழமை போனேன். எண்பத்தைந்து வயது. உடம்பு சுருங்கி இருந்தது, கண் மட்டும் அதே வகுப்பறைக் கண். மேசையில் தேநீர், பக்கத்தில் மலரின் பதினோராம் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு.

"இதை எழுதினது நீர்தான் எண்டு தெரியும். உம்மிலை எனக்குக் கோவம் இல்லை. உம்மடை அப்பப்பா செத்தவர், நீர் எழுதாமல் ஆர் எழுதுறது?" என்றார். "ஆனா வாப்பா பொலிசைக் கூப்பிடேல்லை. வரவேண்டாமெண்டுதான் தந்தி அடிச்சவர். உம்மா எனக்குச் சொன்னவ. அதின்ரை கொப்பி பெட்டிக்குள்ளை இருந்தது."

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மௌத்தாகிறதுக்கு முன்னம் அந்த ஒரு வரியை எடுத்துப்போடவேணும், மாக்கஸ். நல்லவர் வல்லவர் எண்டு ஒண்டும் எழுதவேண்டாம். அந்த வரி போனாக் காணும்." பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "அந்தப் பெட்டி... உங்கடை அம்மாட்டைக் குடுத்துவிட்டுப் போனனான். அமானிதம், உன்னை நம்பிக் குடுக்கிறன் எண்டு சொல்லிக் குடுத்தனான். என்னாச்சு?"

"செல் விழுந்தது ரீச்சர்" என்றேன். "வீட்டோடை எரிஞ்சுபோச்சு."

அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "போகட்டும். நீங்கள் உசிர் தப்பினதே பெரிசு. கடதாசி என்ன கடதாசி" என்றார்.

நான் கேட்ட வார்த்தைகளில் என்னை அதிகம் சுட்டது அதுதான். வீட்டில் எறிகணை விழுந்தது உண்மை. ஆனால் செல் விழுந்தபோது அந்தப் பெட்டி காலியாக இருந்தது. காலியாக்கியவன் நான்.

1990 ஒக்ரோபரில், ஆயுதத்தோடு எங்கள் பகுதியை ஆண்ட இயக்கம் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தது. முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும். கையில் கொண்டுபோகக்கூடியது மட்டும். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் அழுதார்கள், பலர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ரீச்சர் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் வைத்தார். "வாப்பாவின்ரை கடதாசியள். வேறை ஒண்டுமில்லை. திரும்பி வரும்வரைக்கும் வைச்சிரு கிளடிஸ்" என்றார். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நான் அப்போது ரவுணில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். காலால் மிதித்து ஓட்டுகிற பழைய இயந்திரம். போருக்குள் சீமெந்து, பற்றறி, சவர்க்காரம் போலக் கடதாசிக்கும் தடை வந்தது. ஆனால் சாவுக்குத் தடை இல்லை. ஒவ்வொரு வீட்டாரும் மரண அறிவித்தல் அடித்துத் தரச்சொல்லி வந்து நின்றார்கள். செத்தவனின் பெயர் நாலு சுவரில் ஒட்டப்படாவிட்டால் அவன் ஒழுங்காகச் சாகவில்லை என்ற எண்ணம் எங்களுக்கு. நாங்கள் கொப்பித்தாளில் அடித்தோம், சீனி சுற்றிய தாளில் அடித்தோம், எல்லாம் முடிந்தபோது எனக்குப் பெட்டியின் நினைவு வந்தது.

பெட்டி நிறையக் கடிதங்களின் கார்பன் பிரதிகள். மெல்லிய நல்ல தாள், ஒரு பக்கம் ஆங்கிலத் தட்டச்சு, மறுபக்கம் வெறுமை. எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். வாசிக்கவும் விரும்பவில்லை. என் அப்பப்பாவைச் சுடச் சொன்னவனின் கடதாசி, செத்துப்போன எங்கள் ஆட்களுக்காவது உதவட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்போது அதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. அம்மா கண்டுபிடித்து, "அமானிதமடா, அது பாவமடா" என்று குழறினாள். "அப்பப்பா செத்தது பாவம் இல்லையோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அதுபற்றிப் பேசவில்லை.

எத்தனை பேருக்கு அடித்தேன் என்று நினைவில்லை. வெறுமைப் பக்கத்தில் செத்தவரின் பெயரும் படமும், பின்பக்கத்தில் லெப்பை. அடுத்த வருடம் ஆவணியில் என் தம்பி றொய்சன் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது செல் விழுந்தது. பத்தொன்பது வயது. அவனுக்கும் அந்தத் தாளில்தான் அடித்தேன், மிச்சமிருந்த கடைசித் தாள்களில். வீட்டின்மேல் செல் விழுந்தது அதற்குப் பிறகு. அவனுடைய பெயரை நானே எழுத்து எழுத்தாகக் கோர்த்தேன். இரண்டு தரம் எழுத்துகள் கொட்டுப்பட்டன. அந்தத் தாளில் ஒன்றை மட்டும் மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு இடம்பெயர்வு, கடல், இந்தியா, கனடா. தம்பியின் முகம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

2003இல் ஆங்கில வகுப்புக்குப் போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒரு பொருளைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்றாள் ஆசிரியை. நான் தம்பியின் தாளைக் கொண்டுபோய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவனைப் பற்றிச் சொன்னேன். அவள் கண் கலங்கி, தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் இந்த லெப்பை?" என்று கேட்டாள். அவளே வாசித்துக் காட்டினாள்.

அது கடிதம் அல்ல. தந்தியின் பிரதி. அரசாங்க அதிபருக்கு, துப்பாக்கிச் சூட்டுக்கு முதல்நாள் அனுப்பியது. "கரம்பைத்துறைக்கு ஆயுதப் பொலிஸ் அனுப்ப வேண்டாம். மக்கள் பசியால் கூடியிருக்கிறார்கள், கலகத்துக்காக அல்ல. என் சொந்தக் களஞ்சியத்து நெல்லைத் திறந்து கொடுக்கிறேன். உடன் அரிசி அனுப்புக. பொலிஸ் வந்தால் பதவி துறப்பேன். உதுமான் லெப்பை." கீழே பேனாவால், "பதில் இல்லை."

வகுப்பு முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது வந்த மூன்று பஸ்களையும் விட்டுவிட்டேன். ஆனாலும் அடுத்த மலரில் வரி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த முறை எடுப்பம் என்று நினைத்து, ஒவ்வொரு வருடமும் போன வருடத்துக் கோப்பையே திறந்தேன். இருபத்தொரு வருடம் இப்படி. இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ரீச்சர் வீட்டுக்கு அந்தக் கோடை முழுவதும் போய்வந்தேன். அவர் தந்தையைப் பற்றிச் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். வரலாற்றைத் திருத்தி எழுதப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

சங்குத் தோணிக்காரரின் மகன் உதுமான் லெப்பை. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் கல்லூரியில் படித்தவர். முதலில் கிராமச் சங்கத் தலைவர். பிறகு தேசாதிபதி அவரைச் சட்டசபைக்கு நியமித்தார். வாக்குக் கேட்டுப் போனவர் அல்ல, கூப்பிட்டு உட்கார வைக்கப்பட்டவர். தேசாதிபதிக்குப் பிடிக்கும்வரை இருக்கலாம். அதுதான் அவருடைய பலம், அதுதான் அவருடைய விலங்கும். கொழும்புக்கு ரயிலேறும்போது துருக்கித் தொப்பி வைப்பார். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலப் பேச்சைச் சொல்லிப் பார்ப்பார். ஊருக்கு ஒரு மருந்துச்சாலை கொண்டுவந்தார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பாதிப்பேர் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள். என் மாமிமாரும் அதில்தான் படித்தார்கள்.

பிறகு யுத்தம் வந்தது, அரிசி வருவது நின்றது. 1943இல் மூன்று கிழமை கூப்பன் அரிசி இல்லை. கூட்டுறவுக் கடையின் கிட்டங்கிக்கு முன்னால் இரண்டு பக்கத்துச் சனமும் கூடியது. பொலிஸ் லொறி வந்தது. மூன்று பேர் விழுந்தார்கள். முதல்நாள் லெப்பை தந்தி அடித்ததைத் தபால்கந்தோர்ப் பியோன் கண்டிருந்தான். தந்தி ஆங்கிலத்தில் இருந்ததால் அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. ஊருக்கு அது தேவைப்படவும் இல்லை.

"வாப்பா வெளியிலை சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"சொன்னவர். ஆர் கேட்டது? நாப்பத்தேழாம் ஆண்டு எலெக்சன் கேட்டவர். முந்நூற்றுச் சொச்சம் வோட்டு. வாசல் படலையிலை செத்த காகத்தைக் கட்டிவிட்டிருந்தவங்கள். நான்தான் முதல் கண்டனான், எட்டு வயசு." கொஞ்சம் நிறுத்தினார். "ஐம்பத்தொண்டிலை மௌத். மையித்து போகேக்கை உங்கடை பக்கம் ஒரு கடைகூடப் பூட்டேல்லை."

செத்த வீடு போகும்போது கடை பூட்டாமல் விடுவது எங்கள் ஊரில் சாதாரண விசயம் அல்ல. நாய்க்குக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். எழுபது வருடமாக அவர் சுமந்துகொண்டிருந்தது அந்தத் திறந்த கடைகளைத்தான். நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன். அன்றைக்கே தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

புரட்டாதியில் நிர்வாகக் கூட்டத்தில் விசயத்தை எடுத்தேன். வரியை எடுப்போம் என்றேன். வினோதன் சிரித்தான். "அண்ணை, உங்கடை அப்பப்பாவின்ரை ரத்தம். நீங்களே எழுதி நீங்களே அழிக்கிறதோ? ஆதாரம் இருக்கோ?" என்றான். தம்பியின் தாள் வீட்டில் வேதாகமத்துக்குள் இருந்தது. "இல்லாட்டி பொதுக்கூட்டத்துக்கு வந்து அவவே கதைக்கட்டும். சபை முடிவெடுக்கட்டும்."

பொதுக்கூட்டம் நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி ஹோலில். ரோல்ஸும் வடையும் பரிமாறி முடிந்து கைகளைத் துடைத்துக்கொண்டு இருநூறு பேர் இருந்தார்கள். அன்று காலை வேதாகமத்திலிருந்து தம்பியின் தாளை எடுத்து, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, ஜக்கற்றின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தேவனாணை, சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

நஸீல் கையைப் பிடித்து ரீச்சரை மேடைக்கு ஏற்றினான். அவர் ஐந்து நிமிடம் பேசினார். குரல் நடுங்கவில்லை. தான் கேட்பது ஒரு வரியை எடுப்பது மட்டும் என்றார். பின் வரிசையில் யாரோ, "ஆதாரம் எங்கை?" என்று கத்தினான்.

"இருந்தது" என்றார் ரீச்சர். "எங்களை ஊரைவிட்டு அனுப்பேக்கை பெட்டியைக் கிளடிஸ் வீட்டிலை குடுத்தனான். செல் விழுந்து எரிஞ்சுபோச்சு. அது ஒருத்தற்றை பிழையும் இல்லை. மாக்கஸ் தம்பி இருக்கிறார், கேளுங்கோ. அவர் சொல்லுவார்."

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. எழுந்து நின்றேன். கை ஜக்கற்றுக்குள் போனது, உறை விரலில் பட்டது. அப்போது மூன்றாம் வரிசையில் இருந்த அன்ரனெற்றைக் கண்டேன். அவளுடைய மனிசனின் மரண அறிவித்தலையும் அந்தத் தாளில்தான் அடித்தேன். விட்பியில் அவள் வீட்டுக் கூடத்தில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில், பின்னால், அந்தக் காலத்தில் என்னிடம் அழுதுகொண்டு வந்த எத்தனை முகங்கள். அவர்கள் எல்லோரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன். "எரிஞ்சதுதான். நான் கண்ணாலை கண்டனான்."

ரீச்சர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்கிற தலையசைப்பு. நான் உட்கார்ந்தேன்.

"அப்ப ஆதாரம் இல்லை" என்றான் வினோதன் ஒலிவாங்கியில். "அன்ரியிலை எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா வரலாறு வரலாறுதான்." கை உயர்த்தச் சொன்னான். வரி இருக்கவேண்டும் என்று முக்கால்வாசிக் கை உயர்ந்தது. நஸீல் தாயை மேடையிலிருந்து இறக்கியபோது ஒருவன் பின்னால் காகம்போலக் கத்தினான். அவனுக்கு அந்தச் செத்த காகத்தின் கதை வீட்டில் சொல்லப்பட்டிருக்கவேண்டும். அதைச் சிரித்துச் சொல்லியிருப்பார்கள்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மார்க்கத்துக்குப் போனேன். மதியம். ரீச்சர் ஜன்னலோரம் போர்வையோடு இருந்தார். ஒன்றும் பேசாமல் உறையை அவர் மடியில் வைத்தேன்.

முதலில் அவர் கண்டது றொய்சனை. தமிழ்ப் பக்கம் மேலே இருந்தது. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, இறந்தவருக்குச் சொல்வதை முழுவதும் சொன்னார். "சின்னவனோ? எனக்குத் தெரியாதே மாக்கஸ். வேலிக்கு மேலாலை ஏறி வந்து எங்கடை ஜம்புக்காய் புடுங்கிறவன்" என்றார்.

"திருப்பிப் பாருங்கோ ரீச்சர்."

திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அச்சு எழுத்துகள் மெல்லிய தாளை அழுத்தியிருந்ததால், லெப்பையின் ஆங்கிலத்துக்கு நடுவே தம்பியின் பெயர் இடம்வலம் மாறிப் புடைத்துத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, அச்சகம், ஆங்கில வகுப்பு, இருபத்தொரு வருடம். எதையும் மறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை இது உம்மடை பொக்கற்றுக்குள்ளை இருந்ததோ?"

"ஓம் ரீச்சர்."

"நான் சாட்சிக்குக் கூப்பிட்டன். நீர் எழும்பி நிண்டீர்."

"ஓம்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். "இனி நான் இதைக் கொண்டுபோய்க் காட்டினா என்ன சொல்லுவினம்? எரிஞ்சதெண்டு மாக்கஸே சொன்னவன், கிழவி கொம்பியூற்றரிலை செய்விச்சுப்போட்டா எண்டு சொல்லுவினம். இருநூறு பேர் கேட்டவை, மாக்கஸ். எங்கடை வீட்டை முதல் இயக்கம் எடுத்தது. பெட்டியை நீர் எடுத்தீர். கடைசியா என்ரை வாயிலையிருந்தே உம்மடை பொய்யைச் சொல்ல வைச்சீர்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பவும் தாளை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பொலிஸ் வந்தால் பதவி துறப்பேன்." மெதுவாகத் தமிழில் சொன்னார். "ஆனா வாப்பா விலகேல்லையே. நாப்பத்தேழு வரைக்கும் சபையிலை இருந்தவரே. இது உம்மா எனக்குச் சொல்லேல்லை." ஜன்னலைப் பார்த்தார். "மூண்டு பேர் செத்தாப் பிறகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ரெயினேறிப் போயிருக்கிறார்."

ஒரு பழியிலிருந்து தந்தையை எடுத்து இன்னொரு பழியில் வைத்துவிட்டேன். புறப்படும்போது தாளை என் கையில் தந்தார். "இது உம்மடை தம்பி. நீர் வைச்சிரும். எனக்கு ஒரு போட்டோக் கொப்பி காணும்" என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகப் பேசியது.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. இதையாவது நம்புங்கள். என் தாள் ஒன்றை நம்பமாட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகச் சட்டத்துக்குள் இருக்கும் அன்ரனெற்றின் தாளை நம்பித்தானே ஆகவேண்டும். அதன் பின்பக்கத்திலும் லெப்பையின் கையெழுத்து இருக்கும், என் தாளும் அதே பெட்டியில் இருந்தது என்று தெரியும். அடுத்த சனி விட்பிக்குப் போய், அவளுடைய கூடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றிப் பார்க்க விடு என்று கெஞ்சினேன்.

அன்ரனெற் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்ரை மனிசன்ரை சாவைக் களவெடுத்த கடதாசியிலையே அடிச்சனீங்கள்?" என்றாள். "முப்பது வரியமா நான் இதுக்கு முன்னாலை மெழுகுதிரி கொளுத்துறன். இதைத் தொட்டீங்களெண்டா பொலிசுக்குப் போன் அடிப்பன். வெளியிலை போங்கோ."

நான் காரை வீட்டுக்கு ஓட்டி முடிப்பதற்குள் ஊர்ச் சங்கம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது. தந்தியைப் பற்றிய செய்தி அல்ல. மாக்கஸ் சோனகற்றை கடதாசியில் எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலை அடித்தவன் என்ற செய்தி. வினோதன் தொலைபேசி எடுத்தான். தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன், பார் என்றேன். "அண்ணை, எரிஞ்சதைக் கண்ணாலை கண்டனான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்" என்றான். "இப்ப புதுசாக் கடதாசி வருகுது. எதை நம்பச் சொல்லுறீங்கள்?" அவன் சொன்னதில் தப்பில்லை.

தை மாதம் ரீச்சர் மௌத்தானார். பனி கொட்டிய நாள். ஜனாசா அடக்கத்தில் கடைசி ஆளாக நின்றேன். எங்கள் ஊர்க்காரர் வேறு ஒருவரும் வரவில்லை. நஸீல் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் போகும்போது ஒன்று சொன்னான். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்தக் கொப்பியை வாசிக்கச் சொல்லிக் கேப்பா. கடைசி வரி வாறதுக்கு முன்னம் கையைக் காட்டுவா, நிப்பாட்டச் சொல்லி."

இந்த வருட மலர் போன மாதம் தபாலில் வந்தது. உறையைக் கிழித்து நேரே பதினோராம் பக்கத்துக்குப் போனேன். மாதா கோயில் படம் இருந்தது. அதற்குக் கீழே வரி இருந்தது, நான் எழுதியபடியே, ஒரு சொல்லும் குறையாமல். முன்பக்கத்தில் மலராசிரியர் பெயர் மட்டும் மாறியிருந்தது.